சிவப்பு மூடி மேலே, கறுப்பு மூடி கீழே

3

இரண்டு மூடியும் அவள் கையில் இருந்தன. வலது கையில் சிவப்பு, இடது கையில் கறுப்பு. முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. எதிரே மேசையில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. உள்ளே சேறு. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் சேறு. அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே சேறு. எது தலை, எது கால்?

மன்னியுங்கள், பாதியில் ஆரம்பித்துவிட்டேன். மேலே மூன்று என்று போட்டிருப்பது அச்சுப்பிழை இல்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்க ஐந்து தடவை பார்த்தேன். ஐந்து தடவையும் கை நேராக அந்தக் குழாய்க்கே ஓடுகிறது. கதை பிறந்த இடமும் அதுதான். நான் ஒரு தப்பு செய்தேன், இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, நாளைக் காலை பத்து மணிக்கு அது இருநூறு பேர் முன்னால் திரையில் வரப்போகிறது.

'நான்' என்று எழுதினால் உடனே அடித்துவிடுகிறேன். அதனால் 'அவள்'. அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் கொசு என்று கூப்பிடுவார்கள், காதுப்பக்கமே நின்று ஓயாமல் பேசுவதால். திட்டுவதானால் அவளைத் திட்டுங்கள். எனக்கு வலிக்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

1

முதல் தொடக்கம்: "கடல் மிகவும் ஆழமானது." (ஊருக்கே தெரியும். அடித்தாயிற்று.)

இரண்டாவது தொடக்கம்: "இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கடலாய்விலும் கற்பித்தலிலும் தன்னை அர்ப்பணித்துக்கொண்ட பேராசிரியர் அவர்கள்..." (இது பிரிவு உபசார மலருக்கு வேறொருவர் எழுதியது. திருடினால் மாட்டிக்கொள்வேன்.)

மூன்றாவது: பெரியம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது.

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

அம்மாவின் அக்கா அவர். கல்லூரியில் கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். நடுநடுவே கப்பலேறிப் போய் ஆழ்கடலை ஆராய்ச்சி செய்கிறார். பதினோரு பயணம். பதினொன்றிலும் முதல் மூன்று நாள் ஒரு நீல வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். கப்பல் சமையல்காரர் இவருக்கென்றே ஒரு வாளியைத் தனியாக எடுத்து வைப்பாராம். நாலாம் நாள் எழுந்து முகம் கழுவினால் அப்புறம் கரை திரும்பும்வரை கேப்டனே இவரிடம் கேட்டுத்தான் தும்முவார்.

"ஏன்க்கா, பேசாம கரையிலயே பாடம் நடத்திக்கிட்டு இருக்கக் கூடாதா?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"கரையில என்னடி இருக்கு? எல்லாத்தையும்தான் பாத்தாச்சே."

வகுப்பில் எதற்கெடுத்தாலும் "எவ்வளவு ஆழம்?" என்று கேட்பார். ஒருத்தன் "பல் வலி மேடம், லீவு வேணும்" என்றதற்கும் பழக்கதோஷத்தில் "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மாணவர்களுக்கு அவர் ஆழம்மா.* கடலடியில் எவ்வளவு அழுத்தம் என்று காட்ட, கருவிகளோடு கட்டிக் கீழே அனுப்பிய தெர்மோகோல் டம்ளரைக் கொண்டுவருவார். போகும்போது டம்ளர், திரும்பும்போது சுருங்கிக் கட்டைவிரல் தொப்பி. கடைசி பெஞ்சுகூட எழுந்து வந்து வரிசையில் நிற்கும்.

அவருக்கு இந்த வருடம் பணி ஓய்வு. நாளை கடைசி வகுப்பு.

* முகத்துக்கு நேராக 'மேடம்'. முதுகுக்குப் பின்னால்தான் ஆழம்மா. அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் கைப்பேசியில் தன் எண்ணையே அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறார்.

2

இப்போது சேறு. கட்டுரை மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கடலடியில் தூசு விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு விரல் கனம் சேர ஆயிரம் வருடம் ஆகும். கனமான குழாயைக் கம்பியில் கட்டி இறக்கினால் அந்தத் தரையில் குத்தி, சேற்றை அடுக்குக் கலையாமல் அள்ளிக்கொண்டு வரும். மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. தலைகீழாகப் பிடித்தால் காலமே தலைகீழ். அதனால் ஒரு சட்டம்: மேல்பக்கம் சிவப்பு மூடி, கீழ்ப்பக்கம் கறுப்பு மூடி, குழாய்மேல் மார்க்கரால் ஓர் அம்பு. குழாய்களை வைத்திருக்கும் கல்லூரிக் குளிரறையின் கதவில் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

மற்றக் குழாய்களெல்லாம் அண்ணன் தம்பிகளோடு வந்தவை, ஒன்றில் சந்தேகம் வந்தால் பக்கத்துக் குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தொன்பதாம் எண் மட்டும் ஒண்டிக்கட்டை. பெரியம்மா போனதிலேயே மிக ஆழமான இடத்திலிருந்து வந்தது. அதை எடுத்ததும் கம்பி சுற்றும் இயந்திரம் மக்கர் செய்துவிட்டதால் இரண்டாவது குழாயே இறக்கவில்லை. பத்து வருடமாக யாரும் திறக்காமல் குளிரில் கிடந்தது. அந்த ஆழத்தில், வயதைக் கணக்கிட உதவும் சுண்ணாம்பு ஓடுகளெல்லாம் கரைந்துபோகும். அதனால் சேற்றின் வயதைப் பார்க்கவும் அந்தக் கல்லூரியில் வழியில்லை. மூடியின் நிறமும் அந்த அம்பும்தான் சாட்சி.

விடுமுறையில் குளிரறையை ஒழுங்குபடுத்த கொசு போனாள். "தூசி தட்டினா போதும்டி" என்றுதான் பெரியம்மா சொன்னார். அவளுக்கு நல்ல பெயர் வாங்கும் ஆசை. பத்தொன்பதில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தாள். பூஞ்சை போனது. கூடவே அம்பும் போனது, அதை அவள் கவனிக்கவில்லை. மூடிகளிலும் அழுக்கு. இரண்டையும் கழற்றி, ஒன்றாகவே தொட்டியில் போட்டு—

மீதியை மூன்றில் படித்துவிட்டீர்கள்.

4

ஐந்து நிமிடம் நின்றாள். குளிரறையில் ஐந்து நிமிடம் நின்றுபாருங்கள், மூளை உறைந்துவிடும். முகர்ந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே நாற்றம். பெரியம்மா சேற்றைப் பல்லில் வைத்துக் கடித்தே வகை சொல்வார் என்று ஞாபகம் வந்து, நகநுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. அறிவு ஒன்றும் வரவில்லை.

சட்டைப்பையில் ஒரு நாணயம் இருந்தது. பூ விழுந்தால் சுவர்ப் பக்கம் சிவப்பு, தலை விழுந்தால் கதவுப் பக்கம்.

பூ விழுந்தது.

மூடினாள். மார்க்கரை எடுத்து, பழைய அம்பு மாதிரியே கொஞ்சம் மங்கலாக, ஓர் அம்பும் போட்டாள்.

(அந்தக் கடைசி வாக்கியத்தை இல்லாமல் ஒரு வரைவு எழுதினேன். அதில் கொசு நல்ல பெண்ணாக இருந்தாள். படித்தால் எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.)

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் வருகிறார். இவரை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இவர் இல்லாவிட்டால் என் தப்பால் யாருக்கும் நஷ்டமில்லை, நானும் நிம்மதியாகத் தூங்கலாம். மலருக்குக் கட்டுரை எழுதியவரும் இவர்தான்: நெட்டை அண்ணன், நாலு வருடமாகப் பெரியம்மாவின் ஆராய்ச்சி மாணவர். குளிரறைக் கதவு அவர் உயரத்துக்குப் போதாது, நெற்றியில் நிரந்தரமாக ஒரு வீக்கம். எடுத்துப் பார்த்தேன். கதையே தரை தட்டிவிட்டது. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

போன மாதம் அவர்தான் பத்தொன்பதைத் திறந்தார். சேற்றைச் சீவிச் சீவி, அலசி, நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் கண்ணாடியால் செய்த மாதிரி குட்டிக் குட்டி உயிர்க்கூடுகள் இருக்கும். சிவப்பு மூடிக்கு நாலு விரல் கீழே ஒரு பட்டையில் ஒன்றுகூட இல்லை.

"கொசு, இங்க வந்து பாரேன். காலி! சுத்தமா காலி!"

"அப்படின்னா என்னண்ணா?"

"அந்த இடத்துல எல்லாமே செத்து, திரும்ப வந்திருக்கு. அதுவும் சமீபத்துல. நாலாயிரம் வருஷம்தான் இருக்கும்."

"நாலாயிரம் சமீபமா?"

"எங்களுக்கு அது நேத்து சாயங்காலம்." சொல்லிவிட்டுத் துள்ளினார். நெற்றி விளக்கில் இடித்தது. "ஆ! இது மட்டும் அடியில இருந்திருந்தா எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பட்டை, ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். மேல இருக்கு பாரு, அதான் விஷயம்!"

கொசு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நாளை கடைசி வகுப்பில் பெரியம்மா காட்டப்போவது அந்தப் பட்டையைத்தான்.

6

முடிவு அ: கொசு வாயைத் திறக்கவில்லை. கைதட்டல், மாலை. நெட்டை அண்ணன் டாக்டர் ஆகிறார். கொசுவுக்கு அறுபது வயதாகும்போதும் சிவப்பு மூடி எதைப் பார்த்தாலும், மிளகாய்ப்பொடி டப்பாவைப் பார்த்தாலும்கூட, எது மேல் எது கீழ் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

முடிவு ஆ: நிறைந்த அரங்கில் எழுந்து நின்று "நிறுத்துங்கள்!" என்கிறாள். (இதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அம்மா வந்து, "எதைடி நிறுத்தணும்? மிக்சியையா?" என்றாள்.)

முடிவு இ: சரியாகப் பத்து மணிக்கு மின்சாரம் போய்

வேண்டாம். மின்சாரத்தை நம்பிக் கதை எழுதக் கூடாது.

7

நடந்ததைச் சொல்கிறேன். இன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். (இதற்குமேல் 'அவள்' சரிப்படாது. போனது நான்தான்.)

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, பத்தொன்பதாம் குழாய்..."

"என்னடி? ஒடைச்சிட்டியா?"

"ஒடைக்கல. மூடியைக் கழுவினேன். ரெண்டையும் சேத்து. அம்பும் அழிஞ்சிடுச்சு. அப்புறம் பூவா தலையா போட்டு நானே..."

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்று தின்றார். இரண்டு. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "கதவைச் சாத்து" என்றார். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சாத்தினேன்.

"அந்தக் குழாய் மேல வந்தது மூணாம் நாளு," என்றார்.

"எந்த மூணாம் நாளு?"

"எந்த மூணாம் நாளா? வாளி நாளுடி! கையில வாங்கினேன், வயித்தைப் புரட்டுச்சு. டெக்குல படுக்க வச்சிட்டு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா, கயிறு சுருட்டறவன் வழியில கெடக்குதேன்னு நகத்தி வச்சிருக்கான். எந்தப் பக்கம் திருப்பினான்னு அவனுக்கும் தெரியல."

"அப்புறம்?"

"சுத்தி நாப்பது பேர் நின்னாங்க. 'அம்பு போடுங்க மேடம்'னாங்க. தெரியலைன்னு சொல்ல வாய் வரல. போட்டேன்."

"பூவா தலையாவா?"

"சீ, நான் விஞ்ஞானி. குத்துமதிப்பா."

எனக்கு முதலில் தொண்டையில் ஏதோ கிளம்பியது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. பெரியம்மாவும் பிஸ்கட் தூள் பறக்கச் சிரித்தார். பத்து வருடம் அதைத் திறக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதானாம். நெட்டை அண்ணன் வந்து கேட்டபோது, அந்தச் சிவப்பு மூடியைப் பார்த்துப் பார்த்துப் பெரியம்மா தானே அதை நம்பிப்போயிருந்தாராம்.

"அப்போ நான் போட்டது சரியாக்கூட இருக்கலாமா?"

"இருக்கலாம். நான் போட்டது தப்பா இருந்து, நீ அதைத் திருப்பி இருந்தா, சரி."

"நான் திருப்பாம இருந்திருந்தா?"

"கேக்காதடி, தலை சுத்துது. வாளி எடுத்துட்டு வரச் சொல்லுவேன்."

பிறகு சிரிப்பு நின்றது. நெட்டை அண்ணனின் நாலு வருட உழைப்பு மேசைமேல் திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றேன்.

"நீ."

"நானா? நீங்கதானே அவருக்கு மேடம்!"

"அதான் சொல்றேன். நான் சொன்னா 'பரவால்ல மேடம்'னுட்டுப் போய்த் தனியா அழுவான். நீ சொன்னா உன்னைத் திட்டுவான். திட்டறது நல்லது. மேடையில நான் என் பங்கைச் சொல்லிக்கிறேன்."

யார் முந்தி மாட்டிக்கொள்வது என்று வழக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மாவின் கைப்பேசி அடித்தது. நெட்டை அண்ணன். பெரியம்மா சூடு பட்ட மாதிரி அதை என் கையில் திணித்தார்.

"கொசுவா? மேடம் எங்க? சரி, நீயே சொல்லு. எங்கப்பா நாளைக்கு வர்றார். லாரி ஓட்டறதுக்கு லீவே போட மாட்டார், பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. லீவு போட்டிருக்கார். இரு, அவர்கிட்டயே தர்றேன்."

முரட்டுக் குரல் ஒன்று, கூச்சத்தோடு வந்தது.

"பாப்பா, எனக்கு இந்தச் சேறெல்லாம் புரியாது. பையன் கண்டுபிடிச்சேன்னு குதிக்கிறான். லாரி ஸ்டாண்டுல எல்லாரும் கேக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா, அது நெசம்தானே? நாலு பேருகிட்ட சொல்லலாமா?"

பெரியம்மா எதிரே இரண்டு கையையும் விரித்தார். நான் "ஹலோ... ஹலோ... கேக்கலியே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது.

8

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். விளக்கை அணைக்கச் சொல்லி அம்மா இரண்டு தடவை கத்திவிட்டாள். நாளை எட்டு மணிக்கு நெட்டை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அதில் மாற்றமில்லை. பெரியம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திட்டு வாங்கத் தோள் தயார்.

ஆனால் அந்த அப்பாவும் பக்கத்திலேயே நிற்பார். இல்லை என்று சொன்னால் பொய்யாக இருக்கலாம். ஆமாம் என்று சொன்னாலும் பொய்யாக இருக்கலாம். தெரியாது என்றால், வாழ்நாளின் முதல் லீவைப் போட்டுவிட்டு வந்தவரிடம் அது ஒரு பதிலா? இதற்கு முடிவு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. உங்களிடம் விடுகிறேன். என் இடத்தில் நீங்கள் நின்றால், அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள்: நாலு பேரிடம் சொல்லலாமா, வேண்டாமா?