நிமிடம் போடாத வரி

பதினொரு மணிக்கு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை லேப்காரருக்கு வேலை போகப்போகிறது. காரணம், அங்கே கணினி இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேடம் கண்காணிப்பாளருக்கு எழுதிய நாலு வரிப் புகார். அவர் எழுதியது சரியா தப்பா என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று நாளாக மண்டை குழம்பிப்போயிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து பரிசோதனை இயந்திரத்தின் முடிவுகள் வார்டுக் கணினிகளுக்கு வரவில்லை. நர்சுகள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார்கள். மேடம் லேபுக்குப் போய்ப் பார்த்தால், அங்கிருக்கும் கணினியில் முடிவு ஜம்மென்று வருகிறது. தன் அறைக்குத் திரும்பித் தன் கணினியிலிருந்து அழைத்தால் இயந்திரம் வாயே திறப்பதில்லை. மறுபடி ஓடினால் மறுபடி வருகிறது.

"இங்க நல்லாத்தானே இருக்கு மேடம்" என்பார் லேப்காரர். பத்து வயது மூத்த மனிதர், சாந்தமான முகம். அந்தச் சாந்தமே மேடத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

கணினிகளையெல்லாம் இணைக்கும் மெயின் நெட்வொர்க் சுவிட்சுக்குள் ஓர் அட்டவணை உண்டு. எந்த ஐபி எண், அதாவது இணைப்பு எண், எந்தக் கருவியின் நெட்வொர்க் கார்டுக்குரியது என்று கேட்டுக் கேட்டு அதுவே எழுதிக்கொள்ளும். எழுதி எத்தனை நிமிடம் ஆயிற்று என்றும் பக்கத்தில் போடும். மேடம் அதை மொத்தமாக அழித்தார். மற்ற வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. லேப் இயந்திரத்தின் வரியோ அழித்த நொடியே அங்கே உட்கார்ந்திருந்தது. ஆக, இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் தன் தலை தெரிந்ததும் கேபிளைச் செருகி, தலை மறைந்ததும் பிடுங்குகிறார் மனுஷன். ஏன் பிடுங்கவேண்டும்? அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டாலும் புகார் எழுதலாம், அலுவலகங்களில் அந்த வசதி உண்டு.

பத்தரை மணிக்கு மனசு கேட்காமல் தங்கைக்குப் போன் போட்டார். தங்கைக்கும் வேறோர் அலுவலகத்தில் இதே தொழில். அக்காவை மதித்ததாகச் சரித்திரம் இல்லை.

"அந்த வரிக்கு எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கு?"

"நிமிஷம் இல்லடி. சும்மா ஒரு கோடு இருக்கு."

"மூணு நாளா அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்க? அது சுவிட்ச் கத்துக்கிட்டது இல்லக்கா, யாரோ கையால எழுதி வெச்சது. நீ மொத்தமா எத்தனை தடவ அழிச்சாலும் போகாது, அத மட்டும் தனியா நீக்கணும். யார் எழுதினது?"

அந்தச் சுவிட்சின் பாஸ்வேர்டு தெரிந்தவர் மருத்துவமனையில் ஒரே ஒருவர். அது மேடமேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் லேப் இயந்திரத்தின் எண்ணையே யாரோ ஒரு பிரிண்டருக்கும் கொடுத்துவிட, பெரிய ரகளை ஆயிற்று. இனி இந்த எண் இந்த இயந்திரத்துக்குத்தான் என்று அவரே ஆணி அடித்ததுபோல் எழுதிவைத்தார், பிறகு சுத்தமாக மறந்தார். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்து இயந்திரத்தின் நெட்வொர்க் கார்டை மாற்றினார். புதுக் கார்டுக்கு வேறு முகவரி. சுவிட்ச் மட்டும் சொன்ன சொல் தவறாமல், வார்டிலிருந்து வந்ததையெல்லாம் இல்லாத பழைய கார்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. லேப் கணினி இயந்திரத்தோடு ஒரே இணைப்பில் இருந்ததால் அந்த அட்டவணையைக் கேட்காமல் பேசிக்கொண்டது.

அந்த வரியை நீக்கினார். வார்டில் முடிவுகள் மளமளவென்று வந்து விழுந்தன. மேடம் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினார்.

லேப்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தை மேடத்தின் பக்கம் தள்ளினார். "ஒத்துக்கிட்டார்மா."

கேபிள் என்னால்தான் கழன்றது, மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. மேடத்துக்கு மறுபடி ஒன்றும் புரியவில்லை. "நீங்க செய்யலையே அண்ணா. எதுக்கு இப்படி எழுதினீங்க?"

"நீங்க படிச்சவங்க, மூணு நாளாப் பாத்துட்டுச் சொல்றீங்க. மேஜைக்கு அடியில என் கால்தான் பட்டுப் பட்டுக் கழலுதோன்னு நினைச்சேன். நேத்து முழுக்க மடக்கி வெச்சுத்தான் உக்காந்தேன். அப்பவும் வரலைன்னாங்க. அப்புறம் எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

மேடம் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது சார். நான் எழுதி வெச்ச ஒரு வரி."

"எந்த வரி?" என்றார் கண்காணிப்பாளர்.

லேப்காரர் அவரைக் கவனிக்கவில்லை. மேடத்தையே பார்த்தார். "அப்ப என் கால் இல்லையா?"

"இல்லண்ணா."

நாற்காலிக்கு அடியில் மடக்கியிருந்த கால்களை அவர் மெதுவாக நீட்டினார்.