சனிக்கிழமைத் துளசி

திருநின்றவூரில் எங்கே சாப்பிடலாம் என்று ஆவடி குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். சிலர் ஸ்டேஷன் பக்கத்து பஜ்ஜிக்கடை என்பார்கள், சிலர் கோயில் தெரு இட்லி என்பார்கள். பக்கத்து வீட்டு வடிவுக்கு ஏரிக்கரைப் பஞ்சவர்ணம் கடைதான் கடை. ஞாயிறானால் புருஷனோடு போய்விடுவாள். அந்த விரால் குழம்பைச் சாப்பிடாமல் திரும்பினால் ரயில் டிக்கெட்டே தண்டம் என்பாள்.

எனக்கு இந்தப் பேச்சில் வேலையே இல்லை. அது 1991. நான் மீனை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொரட்டூர் ஏரிப் பக்கம், மீன் இல்லாமல் சோறு இறங்காத பெண்ணாக வளர்ந்தவள்தான் நானும். கல்யாணமான மூன்றாம் நாள் என் கணவர் இராமகிருஷ்ணன் விளக்கு முன்னால் நிற்க வைத்து, இனி மீனைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர்கள் வீடு சுத்த சைவமாம். அதன்பிறகு அம்மா வீட்டில் குழம்பு கொதித்தால்கூட வாசலில் போய் உட்கார்ந்து எச்சில் விழுங்குவேன்.

அவரோ பெரிய பக்திமான். சனிக்கிழமை அரைநாளில் ஃபேக்டரி விட்டதும் நேரே திருநின்றவூர் பெருமாளைச் சேவிக்கப் போவார். திரும்பும்போது சட்டைப் பையில் துளசி இருக்கும். நானும் பகலெல்லாம் பட்டினி கிடந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை வடிவு மனை பார்க்கக் கூப்பிட்டாள் என்று திருநின்றவூர் போனேன். கல் நட்ட பொட்டலையெல்லாம் வெயிலில் சுற்றியதில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. விரதமாவது ஒன்றாவது என்று அவள் என்னை இழுத்துப்போய்ப் பஞ்சவர்ணம் கடையில் உட்கார வைத்தாள். எனக்கு மீன் ஆகாது, ரசம் சோறு போதும் என்றேன்.

பஞ்சவர்ணம் சிரித்தாள்.

"உன்ன மாதிரியே ஒருத்தி கீறாம்மா. மீன் வாசன பட்டாலே வாந்தி எடுப்பாளாம். பாவம் அவ புருசன், எட்டு வருசமா சனிக்கெழமயானா இங்க வந்துதான் துன்றாரு. தோ, மூலையில குந்திகினு கீறாரே, அவுருதான்."

திரும்பினேன். இராமகிருஷ்ணன் விரால் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இலையோரத்தில் ஒரு கொத்து துளசி.

எப்படி எழுந்தேனோ, அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்தவருக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை.

"நான் எப்பங்க வாந்தி எடுத்தேன்?"

"சுசீலா... அம்மாவுக்குத் தெரியாமத்தான் வந்துகினு இருந்தேன்" என்றார்.

அவர் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆத்திரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்தச் சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அவர் இலையிலிருந்தே நடுத்துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

இரண்டு முறை மென்றிருப்பேன். எந்த வாசனைக்காக ஏங்கினேனோ அதுவே குடலைப் புரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, ஏரிக்கரையில் குனிந்தேன். வெறும் வயிறு, பித்தநீர்தான் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

அதற்குள் வடிவு நான் யார் என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லியிருந்தாள். அவள் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அவுரு சொன்னப்பல்லாம் நான் நம்பல தாயி" என்றாள். "நெசமாவே உனக்கு ஆவாது போல கீதே."