பூனையின் மீசை

நாஸ்கா ஆற்றங்கரையில் குடுவைக்குச் சித்திரம் எழுதுகிறவனின் தூரிகையில் அவன் மனைவியின் முடிதான் இருக்கவேண்டும். அது அங்கே வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து வார்க்கோவின் தூரிகைக்குத் துமிலாதான் முடி கொடுத்து வந்தாள். அவள் முடி சுமை தூக்கும் லாமா மிருகத்தைக் கட்டும் கயிறு மாதிரி முரடு. அதனால் அவன் எழுதும் காட்டுப்பூனைகளுக்கெல்லாம் மீசை குச்சி குச்சியாக நிற்கும்.

இந்தத் திருவிழாவுக்கு எழுதிய இரட்டைமூக்குக் குடுவையில் மட்டும் பூனையின் மீசை சிலந்தி இழைபோல ஓடியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். துமிலாவுக்கு வயிறு எரிந்தது. அந்த மெல்லிசு தன் தலையில் விளைந்ததல்ல என்று அவளுக்குத் தெரியாதா?

அதே முற்றத்தில் குடுவைகளைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறவள் சானி. புருஷனை இழந்தவள். பஞ்சு மாதிரிக் கூந்தல். கொஞ்ச நாளாக அதைத் துணியால் மூடிக்கொண்டு வேறு வந்தாள். தூசிக்காகத்தான் என்றாள். முடி வெட்டின இடத்தை மறைக்கிறாள் என்றே துமிலா நினைத்தாள். அவளோடு பேச்சை நிறுத்தினாள். அவள் ஊற்றி வைத்த சோளக்கள்ளைக்கூடத் தொடவில்லை.

"என்ன மதினி, மூஞ்சி சூளையில வெந்த மாதிரி இருக்கு?" என்று சானியே ஒருநாள் கேட்டாள்.

"உன் முடி நல்லா மீசை எழுதுதாமே."

"அதை எழுதினவர்ட்டல்ல கேக்கணும்" என்று சானி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. சானி அந்தப் பக்கம் போனதும் துமிலா கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, பூனையின் மீசையை ஒரே இழுப்பில் அழித்தாள். குடுவை இன்னும் தீயில் போகவில்லை. கோடு குழம்பிக் கரைந்தது.

விறகோடு வந்த வார்க்கோ அதைப் பார்த்தான். ஏன் அழித்தாள் என்று அவள் சொன்னதையும் கேட்டான். தலைப்பாகையை அவிழ்த்துப் பிடரியைக் காட்டினான். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை.

"என் பிடரி மயிருதான் புள்ள. தெரிஞ்சா பயலுவ சிரிப்பானுவன்னு மறைச்சேன்."

துமிலாவுக்கு மனம் ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லை.

"அப்போ என் முடி உனக்கு ஆகாமப் போச்சு."

"மீசைக்கு மட்டுந்தான் ஆகல. பூனையைச் சுத்தி ஓடுற கறுப்புக் கோடு பூரா உன் முடிதான். நீயே பாரு."

பார்த்தாள். தடித்த, அசையாத கோடு பூனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் முடித் தூரிகையை எடுத்துக் கறுப்பில் தோய்த்து, அழித்த இடத்தில் மீசையைத் தானே இழுத்தாள். ஒவ்வொன்றும் முள் மாதிரி நின்றது. வார்க்கோ குடுவையை அப்படியே எடுத்துச் சூளையில் வைத்தான்.

குடுவை வெந்து வந்தபோது பூனை யாரையோ கடிக்கப் போகிற மாதிரி இருந்தது. சானி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மதினி, இது அப்படியே உங்க மூஞ்சில்ல?"

"தெரியுதுல்ல? அப்போ தள்ளி நின்னு பாரு" என்றாள் துமிலா.