வைபி திருச்செல்வம் ஆதரித்த சட்டம்

கிள்ளான் பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர், அதாவது 'வைபி' என்ற மாண்புமிகு திருச்செல்வம், அரசாங்கம் கொண்டுவந்த எந்த மசோதாவையும் எதிர்த்ததில்லை. எந்தச் சங்கத்தையும் அமைச்சர் கலைக்கலாம், அந்த முடிவை நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது என்று ஒரு மசோதா வந்தபோது, எழுந்து நின்று மலாயில் முழங்கவும் செய்தார்.

"லண்டனில் நாடாளுமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேல். இங்கே மட்டும் நீதிபதிகள் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்?"

மேசைகள் அதிர்ந்தன. மசோதா சட்டமாயிற்று.

அடுத்த ஆண்டு, அவர் தலைவராக இருந்த விளையாட்டு மன்றத்தின் விருந்துக்கு அந்த அமைச்சரே தலைமை தாங்கினார். வெகு தாமதமாக வந்தார். "அமைச்சர் வர்றதுக்குள்ள கோழி வறுவல் ஆறிப்போச்சு லா!" என்று திருச்செல்வம் மைக்கில் சொல்ல, கூட்டம் சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். மறுவாரம், பொது அமைதிக்கு ஊறு என்று மன்றம் கலைக்கப்பட்டது. பூட்டிய கேட்டின் கம்பி வழியே, உள்ளே சுவரில் மாட்டியிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் திருச்செல்வம். யாரிடம் முறையிடுவது? முறையிட இடமில்லாமல் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கறிஞர் நிரஞ்சனியின் அலுவலகத்துக்குப் போனார். அந்த மசோதாவை எதிர்த்து நாடாளுமன்ற வாசலில் பதாகையோடு நின்றவள் அவள். அன்று கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனவர் இவர்.

"லண்டன் கதை இங்க ஆகாது, வைபி. இங்க அரசியலமைப்புதான் மேல. பார்லிமென்ட்டும் அதுக்குக் கீழதான்" என்றாள்.

"அப்ப நாங்க போட்ட சட்டம்?"

"செல்லாதுன்னுதான் வாதாடப்போறேன்."

"நல்லா வாதாடும்மா" என்றார் அவசரமாக.

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வக்கீல் அவருடைய உரையையே வரி விடாமல் வாசித்தார். திருச்செல்வம் தலை நிமிரவில்லை. "இதைப் பேசியவர்தான் மனுதாரரா?" என்று நீதிபதி கேட்டார்.

"அவரேதான்" என்றாள் நிரஞ்சனி. "ஆனால் அவர் ஆதரித்தார் என்பதற்காக, அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லுபடியாகிவிடாது."

தன் ஓட்டுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று கேட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நிம்மதி பிறந்தது.

அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மன்றத்தின் பூட்டு திறந்தது. 'அரசியலமைப்பின் காவலர்' என்று கிள்ளானில் பேனர் கட்டினார்கள். அதில் நிரஞ்சனியின் படம் இல்லை. காவலரை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று கட்சி நினைத்ததோ என்னவோ, அடுத்த மாதமே அவரைத் துணையமைச்சராக்கிவிட்டது, அதே அமைச்சரின் கீழ்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அமைச்சு ஏன் மேல்முறையீடு செய்கிறது என்று நாடாளுமன்றத்தில் விளக்குவதுதான் துணையமைச்சருக்கு முதல் வேலை.

திருச்செல்வம் நிரஞ்சனிக்குப் போன் போட்டார். "நான் என்னம்மா சொல்றது?"

"என்கிட்ட கேக்காதீங்க, வைபி" என்றாள் அவள். "இந்த வழக்குல இப்ப நீங்க எதிர்க்கட்சிக்காரர்."

அவர் மறுநாள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு போய், எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று வாசித்தார். மேசைகள் மறுபடி அதிர்ந்தன.