பாய் வீட்டுப் பச்சை இலை

மத்தியானத்தில் கிளியூரில் ஆள் நடமாட்டம் இருக்காது. எல்லோரும் எஸ்டேட் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சிக்கந்தர் ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்கினார். எண்பத்து மூன்றில் மழை பொய்த்தபோது, நாளைக்கு வீட்டுக்கு இரண்டு குடம் என்று முடிவாயிற்று. அவருடைய மளிகைக் கடை கிணற்றுக்கு எதிரிலேயே இருந்ததால், பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள். பாய் தப்பு செய்யமாட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள்.

கடைக்குப் பின்னால் சில பாத்திகளில் ஜெரேனியம் போட்டிருந்தார். ரோஜா வாசனை அடிக்கும் அந்த இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கொட்டகை மஞ்சக்குட்டையில் இருந்தது. மகள் பரிதாவின் நிக்காஹ் இந்த அறுவடையை நம்பித்தான் இருந்தது. இலைகள் ஓரம் கருகிச் சுருளுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள் பங்குக்கு மேல் ஒரு குடம்தான் ஊற்றினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

கிணற்றில் சேறு தட்டியதும், ராத்திரியில் யாரோ திருட்டுத்தனமாக இறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி, சந்தேகம் மாதையன் மேல் விழுந்தது. இரண்டு எருமை வைத்திருந்தவர் அவர்தான். கடை வாசலில் ஊர் கூடியது. மாதையன் சிக்கந்தர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க பாய், நான் அந்தப் பக்கம் வந்து பாத்திருக்கீங்களா?"

கல்லாவில் எதையோ தேடியபடி சிக்கந்தர், "ராத்திரியில நான் எங்கீங்க பாத்தேன்" என்றார்.

மாதையன் வீட்டுக்கு ஒரு குடமாகக் குறைத்தார்கள். அந்த வாரமே அவர் எருமைகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மாதையனும் கொஞ்சம் ஜெரேனியம் போட்டிருந்தார். அறுத்த இலையோடு இருவரும் ஒரே ஜீப்பில்தான் கொட்டகைக்குப் போனார்கள். மாதையனின் இலைகள் சிறுத்து, பழுப்பேறிக் கிடந்தன. கொட்டகைக்காரர் பொன்னுவேல் அதில் ஒன்றைக் கசக்கினார். கொட்டகை முழுக்க மணந்தது. பிறகு சிக்கந்தரின் இலையைக் கசக்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"எல நல்லா பெருசாத்தான் வந்திருக்குதுங்க பாய். வாசந்தான் கம்மி. கொஞ்சம் வாடுனாத்தானுங்க இதுல எண்ணெய் சேரும். இந்தப் பஞ்சத்துல உங்களுக்கு மட்டும் இவ்வளவு தண்ணி எங்கீங்க கெடச்சுது?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மாதையன் அந்தப் பச்சைக் கட்டைப் பார்த்தார். பிறகு சிக்கந்தரைப் பார்த்தார். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை என்று சிக்கந்தருக்கு இருந்தது.

"மாதையா..."

"ஜீப்பு கெளம்பீரும். வாங்க பாய்."

ஜீப்பில் மாதையன் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். சிக்கந்தர் உள்ளே போய் உட்காரவில்லை. பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளப்பிய செம்மண் புழுதி அவர் கண்ணிலும் வாயிலும் அப்பியது. கிளியூர் வரை உள்ளே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே குலுங்கிக்கொண்டு வந்தது.