ஒன்றரை ஷிப்ட்

ஐந்தரை மணிக்கு பெல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டீ வாளியும் பன்னும் வரிசை வரிசையாக வந்தன. விஜயராணி டம்ளரை வாங்கி மிஷினுக்குக் கீழே வைத்துவிட்டு அடுத்த பனியனுக்குக் கை மூட்டினாள். ஓவர்லாக் மிஷினின் கத்தி துணி ஓரத்தைச் சீவித் தள்ளியதில் அவள் மடியெல்லாம் நீலத் தூசி. காலை எட்டரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. இந்தக் கம்பெனியில் ஒன்றரைதான் ஒரு நாள். ஐந்தரை பெல் டீக்குத்தான், வீட்டுக்கு அல்ல.

அன்று அவள் எழுந்துபோய் சூப்பர்வைசர் ராபின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, ஒரு மூணு மாசத்துக்கு மட்டும் என்னைய அஞ்சரைக்கு விட்டுருங்க. புள்ளைக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் ஒரு வார்த்தை பேசல."

"காது கேக்கலையோ?"

"காதெல்லாம் நல்லாருக்காம். அவகிட்டப் பேச ஆளில்லன்னு டாக்டரம்மா சொல்லுது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்கணுமாம். நாளாக நாளாகக் கஷ்டமாம்ணே."

மகள் வேல்விழி பகல் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெரியாத்தாளிடம் இருந்தாள். பெரியாத்தாளிடம் அப்படி விடப்பட்ட பிள்ளைகள் ஆறு. டிவியைப் போட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அப்பன் ஜெயபாண்டிக்குச் சாயப்பட்டறையில் இரவு வேலை, பகலில் தூக்கம். விஜயராணி வேலை முடிந்து வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். காலையில் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலேயே போய்விடும். பெற்ற பிள்ளை முழித்திருக்க அவள் பார்த்ததைவிட, தூங்கக் கண்டதுதான் அதிகம்.

ராபின் தலையைச் சொறிந்தான். "நேரம் பாத்துக் கேக்க பாரு. மொதலாளி பேச்சை டிவியில பாக்கலையா?"

யார்தான் பார்க்கவில்லை? 2007ஆம் வருஷத்தின் சிறந்த ஏற்றுமதியாளர் என்று யாரோ முதலாளிக்குக் கேடயம் கொடுத்திருந்தார்கள். அவர் பேசியதை உள்ளூர் கேபிளில் மூன்று நாள் போட்டார்கள். "முப்பது வருசமா நான் நாலு மணி நேரந்தானுங்க தூங்கறேன். எட்டு மணி நேரம், ஒம்பது மணி நேரம்னு கடியாரத்தப் பாக்கறவன் முன்னுக்கு வரமாட்டானுங்க. நேரமே ஊட்டுக்குப் போயி என்னங்க பண்ணப் போறோம்?" கூட்டம் கை தட்டியது. அவர் வீட்டில் சமைக்க ஓர் ஆள், துவைக்க ஓர் ஆள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை.

"ஒண்ணு செய்," என்றான் ராபின். "அடுத்த வாரம் பையர் ஆடிட் வருது. சரக்கு வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி ஆளு வந்து உங்களக் கேள்வி கேப்பாங்க. நீ நல்லாப் பேசுவ. உன்னைய முன் வரிசையில உக்கார வைக்கேன். கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லிட்டன்னா, மொதலாளிகிட்ட நானே உனக்காகப் பேசுதேன்."

பதில்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வேலை எட்டு மணி நேரம். ஐந்தரைக்கு வீடு. ஓவர்டைம் விருப்பப்பட்டால் மட்டும். விஜயராணி அதைப் பள்ளிக்கூடப் பாடம்போல மனப்பாடம் செய்தாள். நிஜ நேரம் பதிந்த கார்டுகள் ஓர் அட்டைப் பெட்டியில் முதலாளியின் காரில் ஏறிப் போயின.

ஆடிட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சிரித்த முகம். அறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் நின்றிருந்தார்.

"எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?"

"அஞ்சரைக்கு மேடம்."

"போய் என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை.

"எம் பொண்ணுகூடப் பேசிக்கிட்டிருப்பேன் மேடம்."

"அப்படியா? என்ன பேசுவா?"

"அவளுக்கு வாயே ஓயாது மேடம். எங்க போன, ஏன் போன, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தன்னு துருவித் துருவிக் கேப்பா. காக்காவக் கண்டா அதுகிட்டயும் பேசுவா. தூங்கச் சொன்னாக்கூட ஒரு கதை சொல்லிட்டுத்தான் தூங்குவா."

பொய் என்று தெரிந்தும் சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

ஆடிட் நடந்த இரண்டு நாளும் ஐந்தரைக்கு கேட்டைத் திறந்துவிட்டார்கள். வெயிலோடு வீட்டுக்குப் போவதே விஜயராணிக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த காக்காயைக் காட்டினாள். "அது காக்கா. சொல்லு, கா." முதல் நாள் பிள்ளை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் ஏழு மணி வாக்கில், "கா" என்றது. விஜயராணி அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு அவள் உலை வைக்கவே இல்லை.

ஆடிட் முடிந்த நான்காம் நாள் மத்தியானம் எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"ஆடிட் பாஸுங்க. ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்காங்க தெரியுங்களா? நம்ம கம்பெனியில வேல செய்யற ஒரு தாய், தினமும் பொழுதோட ஊட்டுக்குப் போயிப் புள்ளகூடப் பேசிட்டு சந்தோசமா இருக்குதாமுங்க. எங்கம்மா விஜயராணி? வா சாமி."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்து போட்டோ எடுத்தார்கள்.

"பையர் ஆர்டர ரெண்டு மடங்காக்கிட்டாங்க. இனி ரெண்டு மாசத்துக்கு யாரும் கடியாரத்தப் பாக்க வேண்டாமுங்க. நானும் பாக்கமாட்டேன்."

அதற்கும் கை தட்டினார்கள். விஜயராணியின் இரண்டு கையிலும் டிபன் கேரியர் இருந்தது.

வெளியே வந்ததும் ராபினைத் தேடிப் பிடித்தாள். "அண்ணே, பேசுதேன்னு சொன்னீங்க."

"இந்த ஆர்டர் போவட்டும்மா," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்பப் போயிக் கேட்டா உனக்கும் வேலையில்ல, எனக்கும் இல்ல."

ஒரு வாரம் கழித்து, காலை எட்டு மணிக்கு, கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்குப் பெரியாத்தாள் மூச்சிரைக்க வந்தாள்.

"கண்ணு, நேத்துப் பொழுதோட உன்ற புள்ள 'ம்மா'ன்னு சொல்லுச்சு. என்ற காதால கேட்டேன். ராத்திரியே சொல்லோணும்னு இருந்தேன், நீ வாரக்குள்ள கண்ணசந்துட்டேன்."

விஜயராணி வேன் படியில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். "நெசமாவாக்கா? எத்தன மணிக்கு?"

"ஆறு, ஆறே காலு இருக்குமாட்ட."

"யாரப் பாத்துச் சொன்னா? உங்களையா?"

பெரியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இல்ல கண்ணு. கதவப் பாத்து. நாலஞ்சு தடவ சொல்லிப் பாத்துச்சு. அப்புறம் உட்டுருச்சு."

டிரைவர் ஹாரன் அடித்தான். உள்ளே இருந்தவர்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.