முதுகில் ஒரு நீல வட்டம்

அன்று என் கைப்பையில் இரண்டு பக்க மனு இருந்தது. கையால் அழுத்தித் தசைவலி போக்குகிறவர்களுக்குப் பொது மருத்துவமனைக்குள் ஓர் அறை கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஐந்து டாக்டர்கள் கூடியிருந்தார்கள். கூடவே கூடாது என்று சொல்லத்தான் போனேன். என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். இருபத்தெட்டு வருடம் அண்ணாந்து பார்த்து வேலை செய்தவருக்கு வலது தோளில் வலி வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மருத்துவமனையில் தந்த மாத்திரை வயிற்றைக் கெடுத்ததே தவிரத் தோளை எட்டிப் பார்க்கவில்லை. கூட வேலை செய்த மேஸ்திரி சொல்லித்தான், கையால் அழுத்தி வலி போக்கும் ஓர் அம்மாவிடம் போனார். ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. உயரமான கட்டில், மடித்த துண்டுகள், சுவரில் தோல் இல்லாத மனிதப் படம். விரலால் தடவி வலி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, நீலப் பேனாவால் புள்ளி வைத்து, அது இளகும்வரை அழுத்திப் பிடிப்பார். மூன்றே வாரத்தில் இவர் கை தலைக்கு மேலே போனது.

“பழைய சுவரைச் சுரண்டினா பழைய கலர் வருமில்ல, அந்தம்மா சுரண்டினா என் பழைய வயசு வருது” என்றார்.

“வரட்டும். கல்யாண வயசு வரைக்கும் போகாம பாத்துக்கங்க” என்றேன்.

சிரித்தேனே தவிர, எனக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன்? ஒருமுறை மருத்துவமனையில் டாக்டர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, முதுகில் யார் பாடம் நடத்துகிறார்கள் என்று கேட்டு, நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். இவர் காது சிவந்து போனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது மாதம் வலி திரும்பியது. அந்த அம்மாவிடம் போய் வந்தவர் அன்று அதிகம் பேசவில்லை. மறுநாளே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். காலையில் குளிக்க உட்கார்ந்தபோது பார்த்தேன். வழக்கமான புள்ளிகள் இல்லை. தோள்பட்டைக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வட்டம். இதென்ன என்றதற்கு, “குறி போட்டிருக்காங்க, இருக்கட்டும் விடு” என்றார்.

நான் விடவில்லை. எண்ணெய் போட்டு, சோப்பு போட்டு, நாரால் தேய்த்தேன். நுரை நீலமாக ஓடியது. “போதும்” என்று இரண்டு முறை சொன்னார். பிறகு குனிந்துகொண்டார். அவருக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும்.

அதே டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து இருமல் வந்தபிறகுதான் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நுரையீரலின் உச்சியில் கட்டி. கையை மீறிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு பதினோரு வாரம்.

அந்தப் பொம்பளைதான் தேய்த்துத் தேய்த்தே நோயை மறைத்துவிட்டாள் என்று கொழுந்தனார் சொன்னார். யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது. நானும் அப்படியே மனு எழுதினேன்.

எனக்கு முன்னால் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். குரலை உயர்த்தாமல் பேசினார்.

“தசைன்னா அழுத்தினா இளகும், இல்ல துடிக்கும். அன்னைக்கு அது ரெண்டும் செய்யலைங்க. கையை எடுத்துட்டேன். முன்னெல்லாம் இப்படி இருந்தா டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அங்கீகாரம் இல்லாதவங்க கடிதத்தை ஃபைல்ல வைக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் உடம்புலயே எழுத ஆரம்பிச்சேன். காகிதத்தைத் திருப்பி அனுப்பலாம், முதுகை அனுப்ப முடியாதில்ல. வட்டம் போட்டா, இது என் வேலை இல்ல, படம் எடுத்துப் பாருங்கன்னு அர்த்தம். டாக்டர் பாக்கிற வரைக்கும் அழியக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்.”

குழுத் தலைவர், அங்கே உட்கார்ந்திருந்த, என் கணவருக்கு மாத்திரை கொடுத்த டாக்டரைப் பார்த்தார். அவர் ஃபைலைப் புரட்டினார்.

“அன்னைக்கு முதுகை நானே பாத்தேன். சுத்தமா இருந்தது. எந்த வட்டமும் இல்ல.”

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். “மாட்டிக்கிட்டா பாருங்க அண்ணி” என்று கூட வந்திருந்த கொழுந்தனார் காதோரம் சொன்னார்.

நாரைப் பிடித்த என் கை மடியில் கிடந்தது. வேறு யாருடைய கையோ போல இருந்தது. அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. பொய் சொன்னவள் என்று எழுதியாகிவிட்டது, அதை எழுத விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மனுவைப் படிக்கச் சொன்னார்கள். கைப்பையைத் திறக்காமலே எழுந்தேன்.

“வட்டம் இருந்தது” என்றேன். “நான்தான் தேய்ச்சு அழிச்சேன்.”

கொழுந்தனார் என் புடவையைப் பிடித்து இழுத்தார். டாக்டர்தான் கேட்டார், மெதுவாக.

“எதுக்கும்மா அழிச்சீங்க?”

“நீங்க சிரிப்பீங்கன்னு.”